கம்பி ஒட்டித்தான் இருந்தது

கிளிப் போட்டு வரிசையாக்கிய பல் மறுபடி கோணிவிட்டால், காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ‘ரீடெய்னரை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டா.’ டாக்டர் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், பெற்ற தாயே சொல்வாள். கிளிப் கழன்ற பிறகு பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்க மாட்டும் தட்டுதான் ரீடெய்னர். “ஏட்டி, அந்தத் தட்டை மாட்டுனியா இல்லியா?” என்று என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து தினமும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். மாட்டினேன். புகுந்த வீட்டுக்குப் போன முதல் நாளே அந்த டப்பா என் கைப்பையில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு “இந்த வயசிலேயே பல்செட்டா?” என்று அத்தை பதறியது இன்றைக்கும் அந்த வீட்டில் கதையாக ஓடுகிறது. அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் போட்டவள் நான். அதனால் இதைப் படிக்கும் டாக்டர் யாராவது இருந்தால், அந்தக் கேள்வியோடு ஆரம்பிக்க வேண்டாம்.

நாலு சிறு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியது, ரப்பர் மாட்டியது, முறுக்குக் கடித்து பிராக்கெட் கழன்றது, மாதா மாதம் போய் வாயைப் பிளந்தது எல்லாம் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். அதை விட்டுவிடுகிறேன். கிளிப்பைக் கழற்றிய பிறகு என்ன ஆனது என்பதுதான் விஷயம். என் வாயில் இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடந்தன. மேலே ஒரு பல் திரும்பியது. கீழே ஒரு பல் ஈற்றை விட்டே வெளியே வரப் பார்த்தது. முதலாவதற்கு யாரும் பொறுப்பில்லை என்றுகூட ஒரு வாதத்துக்கு ஒப்புக்கொள்வேன். இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேல் வரிசையில் இடது பக்கம் இரண்டாவது பல். சிறு வயதிலிருந்தே பக்கவாட்டில் திரும்பி நின்ற பல் அது. அதை நேராக்கும் வேலையை என் டாக்டர் கடைசிக்கு வைத்திருந்தார். இடைவெளி மூடுவது, கடிப்பு சரிசெய்வது எல்லாம் முடிந்து, இந்தப் பல் நேரான கையோடு கிளிப் கழன்றது. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, கல்யாண ஆல்பத்தில் கம்பி தெரியக் கூடாது. நீங்களும் அநேகமாக அப்படித்தான் கழற்றியிருப்பீர்கள், பெண் வீட்டில் வேறு எப்படி நடக்கும்? முகூர்த்தத்தை நான் குறிக்கவில்லை. ஆனால் திரும்பிய பல்லை முதலிலேயே நேராக்கிவிட்டு, மீதி வேலை நடக்கும் மாதங்கள் முழுக்க அதைக் கிளிப்பிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் நல்லது என்பது இந்தத் துறையின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். அதற்குத் தேவையான மாதங்கள் என் டாக்டர் கையில் இருந்தன.

ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, பல் எதில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பெரியோடான்டல் லிகமென்ட் என்பார்கள். கிளிப் தள்ளும் பக்கத்தில் அந்தப் படலம் நசுங்கும், அங்கே எலும்பு கரையும். எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடும், அங்கே புது எலும்பு வளரும். சுவீடனைச் சேர்ந்த கார்ல் சான்ஸ்டெட் 1900-களின் தொடக்கத்திலேயே நாய்களின் பல்லை நகர்த்தி இதைக் காட்டிவிட்டார். கிளிப் கழற்றும் நாளில் அந்தப் படலம் அகன்றுதான் இருக்கும், பல்லை விரலால் தொட்டால் லேசாக ஆடும். அது பயப்படுகிற விஷயமில்லை. மூன்று நான்கு மாதங்களில் வேரைச் சுற்றிய நார்கள் புது இடத்துக்கேற்பத் தங்களை அடுக்கிக்கொள்ளும்.

வம்பு செய்வது எலும்புக்கு மேலே, ஈறுக்குள் இருக்கும் நார்கள். அவை எலும்பில் நங்கூரம் போடாதவை. பல்லிலிருந்து ஈறுக்குள் போகும், எலும்பின் விளிம்புக்கு மேலாக ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போகும். இவை மாறிக்கொள்ள இன்னும் நாளாகும். ஈறின் கொலாஜன் நார்களுக்கு நான்கு முதல் ஆறு மாதம், மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல். நார்வேயைச் சேர்ந்த கோரே ரைட்டன் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், திருப்பி நேராக்கிப் பிடித்து வைத்த நாய்ப் பல்லில் 232 நாள் கழித்தும் ஈறின் நார்கள் இழுபட்டபடியே இருந்தன. எனக்கு ரீடெய்னர் கொடுத்தபோது ‘ராத்திரி மட்டும் போட்டாப் போதும்’ என்று முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். ராத்திரி மட்டும் போதும் என்று காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் கல்யாண வாரம் வரை திரும்பி நின்று, அப்போதுதான் நேரான பல்லுக்கும் அந்தக் கணக்கைப் போட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் நான்கு மாதமாவது சாப்பிடும் நேரம் தவிர முழுநாளும் போடுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் உங்கள் பேச்சுக் குழறலைக் கேட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிறகு ஒருநாள் என் பல் ஏன் திரும்பியது என்று கேட்டபோது டாக்டர் ஓர் உதாரணம் சொன்னார். ஊஞ்சல் கயிற்றை முறுக்கிவிட்டால் தானாகப் பிரியும் இல்லையா, அப்படித்தான் டீச்சர். நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் அது பாதிதான் சரி என்று தெரிந்தது. 1996-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், திருப்பிய நாய்ப் பற்களின் ஈறை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். நார்கள் ஒழுங்காக இழுபட்டு விறைத்திருக்கவில்லை. கிழிந்து, கலைந்து கிடந்தன. கூடவே மீள்தன்மையுள்ள நார்கள் அதிகமாகியிருந்தன. அதாவது பல்லைத் திருப்பி இழுப்பது ஒரு நாரோ இரண்டு நாரோ அல்ல, அந்த ஈறு முழுவதுமே மீள்தன்மை மாறிப்போய் அப்படி நடந்துகொள்கிறது.

காரணம் எதுவானாலும் வழி ஒன்று இருக்கிறது. 1970-இல் அமெரிக்காவின் ஜான் எட்வர்ட்ஸ் எழுதிய சின்ன அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கத்தியை ஈறு இடுக்கில் விட்டுப் பல்லைச் சுற்றி அந்த நார்களின் பிடியை அறுத்துவிடுவது. தையல்கூட வேண்டாம். நார்கள் பல் நேராக நிற்கும் நிலையிலேயே மறுபடி பற்றிக்கொள்ளும். பல வருஷம் தொடர்ந்து கவனித்து 1988-இல் அவரே முடிவை வெளியிட்டார். முழுக்கத் தடுக்காது, கணிசமாகக் குறைக்கும், கீழ் முன்பற்களைவிட மேல் முன்பற்களில் நன்றாக வேலை செய்யும். என்னுடையது மேல் முன்பல். இதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. பிற்பாடு கேட்டபோது, “அதெல்லாம் இங்க யாரும் பண்றதில்லை” என்று பதில் வந்தது. யாரும் செய்யாவிட்டால் நோயாளிக்குச் சொல்லவும் கூடாதா? ஈறு மிக மெல்லிசாக இருப்பவர்களுக்கு முன்பக்கம் வெட்டக் கூடாது, ஈறு இறங்கிவிடும் என்று ஒரு எச்சரிக்கை உண்டு. அதைச் சொல்லி மறுத்திருந்தால் தலையாட்டியிருப்பேன்.

இருந்தாலும் மேல் பல் கொஞ்சம்தான் திரும்பியது. புகைப்படத்தில் எனக்கு மட்டும் தெரியும். என்னைக் கீழே உட்கார வைத்தது கீழ்வரிசை.

கீழ் முன்பற்களின் உள்பக்கம், நாக்குப் படும் இடத்தில், மெல்லிய கம்பி ஒன்றை ஆறு பல்லிலும் ஒட்டிவிட்டார்கள். இது ஆயுளுக்கும் இருக்கும், நீங்கள் எதையும் மாட்ட வேண்டாம், கவலையே இல்லை என்றார்கள். கீழ்வரிசைக்குக் கம்பி வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டிலும் கூட்டாளிகளும், என்னைப் போலவே நாலு பல் பிடுங்கிச் சீராக்கியவர்களை ரீடெய்னர் நிறுத்தி 20 வருஷம் கழித்துப் பார்த்து 1988-இல் எழுதினார்கள். பத்தில் ஒருவருக்குத்தான் கீழ் முன்வரிசை ஏற்கும்படி இருந்தது. கடைசிக் கடைவாய்ப்பல் முளைத்துத் தள்ளுகிறது என்பதும் இதற்குப் பதில் இல்லை. அந்தப் பல்லே இல்லாதவர்களுக்கும் முன்வரிசை நெருங்குகிறது. அதைப் பிடுங்கச் சொல்லி என்னிடம் சொன்னவர்களும் உண்டு, பிடுங்கவில்லை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஆக, கம்பி நல்ல யோசனைதான். அந்தக் கம்பி எதனால் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் கம்பி அல்ல, மெல்லிய இழைகள் சிலவற்றைச் சேர்த்து முறுக்கியது. ஒட்டும்போது அதை விரலாலோ குறடாலோ அழுத்தி வளைத்து ஒட்டினால், வளைத்த விசை உள்ளேயே தங்கிவிடும். கடினமானதைக் கடித்துக் கடித்து இழை நெகிழ்ந்தாலும், முறுக்குப் பிரியப் பார்த்தாலும் அதே கதை. பிடித்து வைக்க வேண்டிய கம்பி, தள்ளுகிற கம்பியாக மாறும். ஒரு பல்லின் மேல்பாகத்தை நாக்குப் பக்கம் சாய்த்து, அதன் வேரை உதட்டுப் பக்கம் துருத்தும். அடுத்த பல்லுக்கு நேர் எதிர்த்திசை. கம்பி எங்கேயும் கழன்றிருக்காது, அதுதான் அதன் விஷமம். 2007-இல் நெதர்லாந்திலிருந்து இதைப் பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இது ஊரறிந்த ரகசியம், நம் ஊரில் நாற்காலியில் படுத்திருக்கிறவருக்குத்தான் தெரியாது.

முதலில் ஐஸ்கிரீம் பட்டால் சுருக்கென்றது. பிறகு ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிந்தது. ஈறு முன்பக்கம் ஒரு வளைவாக இறங்கியிருந்தது. உதட்டுக்குள் விரலை விட்டுத் தடவினால் வேர் புடைத்துத் தெரியும், பக்கத்துப் பல்லில் அந்த இடம் குழிந்திருக்கும். கிளிப் போட்ட இடத்துக்கே போனேன். டாக்டர் ஒரு கருவியால் கம்பியை ஒவ்வொரு பல்லிலும் தட்டிப் பார்த்தார்.

“கம்பி நல்லா உறுதியா ஒட்டியிருக்கு டீச்சர். நீங்க பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறீங்க. ஸாஃப்ட் பிரஷ்ஷுக்கு மாறுங்க.”

எனக்கு நேர்ந்ததில் எல்லாம் அதிக விலை கொடுத்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கம்பி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், கம்பி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒட்டியிருந்ததுதான் பிரச்சினையே. கழன்றிருந்தால் அந்தப் பல் தப்பித்திருக்கும். நான் ஸாஃப்ட் பிரஷ்ஷுக்கு மாறினேன், கூச்சத்துக்கான பேஸ்டுக்கு மாறினேன், ஒவ்வொரு தடவை கிளீனிங்குக்குப் போகும்போதும் அதே உபதேசத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பிரஷ்தான் காரணம் என்றால், வாயில் இத்தனை பல் இருக்க அது ஒரே ஒரு பல்லைத் தேடிப்போய்த் தேய்க்குமா? அழுத்தித் தேய்த்து ஈறு இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் வரிசையாகச் சில பற்களில் இறங்கும், கோரைப்பல் பக்கம் அதிகம் தெரியும். கரும்பலகையில் திருப்புவிசைக் கணக்கை வருஷா வருஷம் போடுகிறவளின் வாயிலேயே அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் என் கையின் மேல் சுமத்தினார்.

கீழ் முன்பற்களுக்கு உதட்டுப் பக்கத்தில் எலும்பு இருப்பதே பெயருக்குத்தான். பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. வேர் அந்தச் சுவரைத் தாண்டினால் எலும்பு கூடவே வளர்ந்து வந்து மூடாது, கரைந்து வழிவிடும். எலும்பு போன இடத்தில் ஈறுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மெல்லிய ஈறு உள்ளவர்களுக்கு அது அப்படியே இறங்கிவிடும். பல்லைச் சுற்றிய திசு செய்வது அதே வேலைதான்: அழுத்திய பக்கம் கரைவது, இழுத்த பக்கம் வளர்வது. கிளிப் தள்ளினாலும் கம்பி தள்ளினாலும், யார் தள்ளுகிறார்கள் என்று அது கேட்பதில்லை.

கடைசியில் மதுரையில் ஓர் ஈறு நிபுணரிடம் போனேன். அவர் முன்னாலிருந்து பார்க்கவே இல்லை. கண்ணாடியை வைத்து மேலிருந்து பல்வரிசையைப் பார்த்தார், விரலால் வேரைத் தடவினார். “இது பிரஷ் வேலை இல்லம்மா. முதல்ல அந்தக் கம்பியை வெட்டணும்” என்றார். முப்பரிமாண ஸ்கேனில் அந்த வேரின் முன்னால் எலும்பே இல்லை. பல் செத்திருக்கவில்லை, அதுதான் ஒரே ஆறுதல்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுவில் ஒருவர் உடனே ஈறு ஒட்டுப்போட்டுவிடலாம் என்று தேதியே கொடுத்துவிட்டார். வேர் வெளியே நிற்கும்போது அதன் மேல் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முதலில் கம்பியை வெட்டி, கீழ்வரிசைக்கு மறுபடி கிளிப் போட்டு, செவ்வகக் கம்பியால் வேரை எலும்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலே ஈறு ஓரளவு தானாக மேலேறும், எனக்கு ஏறியது. மீதிக்குத்தான் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் வலித்தது. ரசம் சோறுகூட எரிந்தது. இரண்டாவது கிளிப்புக்கு ஆன செலவு முதலாவதைவிட அதிகம். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

இரண்டாம் முறை பல்லை நகர்த்துவதற்கு வேறொரு விலையும் உண்டு. நகரும் ஒவ்வொரு தடவையும் வேரின் நுனி கொஞ்சம் தேயும். பெரும்பாலும் அற்பம், சிலருக்கு அதிகம். மறுபடி கிளிப் போடும் முன் வேரின் நீளம் தெரியும்படி எக்ஸ்ரே எடுக்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள். இன்னொன்று, நெருங்கிக் கிடந்த பற்கள் நேரானதும் ஈறு ஓரம் கறுப்பு முக்கோணங்கள் தெரியலாம். டென்னிஸ் டார்னோவும் கூட்டாளிகளும் 1992-இல் அளந்திருக்கிறார்கள். இரண்டு பல் தொடும் இடத்திலிருந்து எலும்பு விளிம்பு 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இடையில் ஈறு ஏறக்குறைய எப்போதும் நிறைந்திருக்கிறது. 6 என்றால் பாதிக்குச் சற்று மேல், 7 என்றால் நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். எனக்கு ஒன்று இருக்கிறது. பல்லின் பக்கவாட்டைக் கொஞ்சம் ராவி நெருக்கினால் குறையும் என்றார்கள், போதும் சாமி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கீழே எனக்கு மறுபடி கம்பிதான். எல்லாப் பக்கமும் திட்டிவிட்டு அதையே போட்டுக்கொண்டாளே என்று தோன்றும். கழற்றி மாட்டும் தட்டு மட்டும் போதாத வாய் என்னுடையது என்று தெரிந்துதான் போட்டேன். இந்த முறை என் பல்வரிசையை அச்செடுத்த மாடலின் மேல் கம்பியை வைத்து, எந்த அழுத்தமும் இல்லாமல் அப்படியே பொருந்தி உட்காரும்படி வளைத்த பிறகே ஒட்ட வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அதற்கு மேலே ராத்திரியில் மாட்ட, கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் தட்டும் உண்டு. கம்பி ஏதாவது சேட்டை செய்தால், அன்றைக்குத் தட்டு சரியாக உட்காராது. ஓர் இடத்தில் இறுகும். மறுநாளே போன் செய்துவிடலாம். தட்டை வெந்நீரில் கழுவாதீர்கள், வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள், கோணிவிடும். உமிழ்நீர் சுரக்கும் வாய் கீழ் முன்பல்லுக்குப் பின்னால் இருப்பதால் பற்காரை அங்கேதான் முதலில் கட்டும். கம்பிக்குக் கீழே நுழைகிற சின்ன பிரஷ் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. காரை கட்டி ஈறு வீங்கினால் பிறகு எது கம்பியின் வேலை, எது அழுக்கின் வேலை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அப்போது மறுபடி உங்கள் பிரஷ் மேல்தான் பழி வரும்.

கிளீனிங்குக்குப் போகும்போது கம்பி ஒட்டியிருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஆறு பல்லும் மேலிருந்து பார்க்க ஒரே வளைவில் இருக்கிறதா, போன தடவையிலிருந்து ஏதாவது ஒன்றின் வேர் புடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஈறு ஒரே ஒரு பல்லில் இறங்கினால், அந்த இறக்கத்தை விளக்காமல் எழுந்து போகிறவரைப் போக விடாதீர்கள்.

கிளிப் கழற்றும் அன்று எடுக்கிற மாடலையோ ஸ்கேன் ஃபைலையோ கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். பல் அன்றைக்கு எங்கே நின்றது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. என்னுடையதைக் கேட்டுப் போனபோது, இடம் மாற்றியபோது பழைய மாடல்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அண்ணன் மகளுக்கு இப்போது கிளிப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனையும் எனக்கு மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் ஒரு பல் திரும்பித்தான் இருந்தது, அதை முதலில் நேராக்க வைத்தாகிவிட்டது. அந்த டாக்டருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.